ஆற்றைப் பார்த்த முகம்

சங்கரன்கோவில்
2.2.2024

அன்புத் தங்கை பாஜிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், உன் மதினி நஸ்ரின் நலம், தறிகளும் ஒருவாறு நலம். நீ நலமா என்பதை உன் மாப்பிள்ளையின் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத்தலை இருக்கிறது. நஸ்ரின் போனிலிருந்து கூப்பிடலாம் என்று பார்த்தால் அவள் தரமாட்டேன் என்கிறாள். “அண்ணனும் தங்கச்சியும் அடிச்சிக்கிடுங்க, கூடிக்கிடுங்க. என்ன எதுக்கு நடுவுல இழுக்கிய?” என்கிறாள். அதனால்தான் தபாலாபீஸ். லிஸ்பனுக்குக் கடிதம் என்றதும் கவுண்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பழைய வீட்டை இடித்த இடத்தில் அஸ்திவாரம் போட்டாயிற்று. என்ஜினியர் நம் கோமதிநாதன்தான். கீழே ஹால், சமையலறை, இரண்டு அறை. மேலே ஒரு அறை, மீதி மொட்டை மாடி. தெருவைப் பார்த்து நல்ல எலிவேஷன், அதாவது முகப்பு, வைத்துத் தருகிறேன் என்கிறார். உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

அப்புறம், ரியாஸ் மச்சான் போன வாரம் ஒரு படம் போட்டிருந்தாரே, நீயும் அவரும் ஒரு வெள்ளைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று சிரிக்கிற படம். அது என்ன கோபுரம்? ஆற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதன் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறதா, அல்லது எனக்குக் கண் போய்விட்டதா? பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கோபம் தீராவிட்டாலும் இதற்கு மட்டுமாவது பதில் போடு.

உன் காக்கா,
ரிபாயி

*

லிஸ்பன்
25.2.2024

காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கோபத்தோடு நலமாக இருக்கிறேன்.

கடமைக்குச் சொன்னதற்கு நன்றி. இடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை அஸ்திவாரம் போட்ட பிறகு சொல்கிறாய். அன்று போனில் நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. “பிளான அனுப்பு காக்கா, நானும் பாக்கேன்” என்று ஆசையாகத்தான் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “கட்டிக் குடுத்த பிள்ளைக்கு எதுக்குட்டி பிளானு? வந்தா நாலு நாள் இருந்துட்டுப் போகப்போற” என்றாய். பக்கத்தில் சிமெண்டுக்காரனோ யாரோ சிரித்ததும் கேட்டது. உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு எனக்கென்று ஊரில் இருந்தது அந்த ஒரு வீடுதான். அதில் எனக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டேனா? ஜன்னல் எங்கே வருகிறது என்றுதானே கேட்டேன். அதனால்தான், “வல்லாஹி, இனிமே அந்தத் தெருவாசல மிதிக்க மாட்டேன்” என்று சொல்லி போனை வைத்தேன். அல்லாஹ் பேரில் சொன்னது. விளையாட்டில்லை.

கோபுரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கோபத்தை அதன் மேல் காட்ட எனக்கு மனமில்லை, அவ்வளவு அழகு. அதனால் சொல்கிறேன்.

அது பெலேம் கோட்டை. ஐந்நூறு வருஷம் தாண்டியது. தேஜு என்கிற ஆறு கடலில் போய்ச் சேர்கிற வழியில், கரையை ஒட்டி நிற்கிறது. தண்ணீர் ஏறும் நேரத்தில் கோட்டை ஆற்றுக்குள் நிற்கும். இறங்கினால் பாசி பிடித்த அடிக்கல் தெரியும். சின்னப் பாலம் வழியாக உள்ளே போக வேண்டும். முன்னால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கொத்தளம், பீரங்கி வைப்பதற்கு. அதன் பின்னால் சதுரமாக நான்கு மாடிக் கோபுரம். பீரங்கி வைத்த இடத்துக்கு யாராவது இவ்வளவு அலங்காரம் செய்வார்களா? கொத்தளத்தின் மூலைகளில் காவல்காரன் நிற்கிற கூண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே வரிவரியாக வெட்டிய ஒரு குட்டிக் குப்பா. “நம்ம பள்ளிவாசல் குப்பா மாதிரில்லா இருக்கு!” என்றார் ரியாஸ். இதைக் கட்டியவர் மொராக்கோ பக்கத்துக் கோட்டைகளில் வேலை பார்த்தவர் என்று சொல்கிறார்கள். அங்கே பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு வந்திருப்பார் போல.

நீ பார்த்தது கயிறுதான். கல்லில் வெட்டிய கயிறு. கப்பலில் கட்டுகிற வடம் மாதிரி, புரி புரியாக முறுக்கி, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. நடுவில் முடிச்சுக்கூட இருக்கிறது. உனக்குக் கண் போகவில்லை.

ஆனால் என்னை அசைத்தது வேறு. பாலத்திலிருந்து பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கொத்தளத்து மாடிக்குப் போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தபோதுதான் அதன் முகத்தையே பார்த்தேன். தூண் வரிசையும் வளைவுகளுமாக ஒரு நீள மாடம், கல்லில் வலை பின்னிய மாதிரி கைப்பிடிச் சுவர், அதற்கு மேலே ராஜ முத்திரை. அந்த அழகை எல்லாம் ஆற்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் வருஷக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வருகிறவன் ஆற்று வழியாகத்தான் வருவான். அவனுக்கு ஊர் தெரிவதற்கு முன்னால் இது தெரியும்.

தூரத்திலிருந்து வருகிறவளுக்கு ஒரு கல் கோட்டை முகம் காட்டுகிறது. கூடப் பிறந்த நீ முதுகைக் காட்டினாய். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, நிறுத்துகிறேன்.

பாஜிலா

*

சங்கரன்கோவில்
20.3.2024

பாஜிக்கு,

ஸலாம். நோன்பு நடக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சித்தாள்கள் பாவம் என்று காலையிலேயே வேலையை ஆரம்பித்து மத்தியானத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை நஸ்ரினிடம் படித்துக் காட்டினேன். நீ திட்டிய இடத்தை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள்.

இப்போது கயிற்று விஷயத்துக்கு வருவோம். நீ “புரி புரியாக முறுக்கி” என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். நூலோடு பிறந்து வளர்ந்தவளுக்கு இது அழகா? முறுக்கு எந்தப் பக்கம்? வலமுறுக்கா, இடமுறுக்கா? எத்தனை புரி? கல்லில் வெட்டினவன் நிஜக் கயிற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டினானா, அல்லது கண்ணை மூடிக்கொண்டு அலங்காரத்துக்குச் செய்தானா? முறுக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு இடத்தில் வலமும் இன்னொரு இடத்தில் இடமும் இருந்தால் அவனுக்குக் கயிறு தெரியாது என்று அர்த்தம். தறிச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று தறியில் பாவு நூல் அறுந்தது தெரியாமல் இருந்துவிட்டேன்.

இன்னும் சில கேள்விகள். அந்த நீள மாடம் சுவரை விட்டு எவ்வளவு வெளியே வருகிறது? கீழே தூண் உண்டா, அல்லது சுவரிலிருந்து நீட்டிய கல்தான் தாங்குகிறதா? வளைவு அரைவட்டமா, கூம்பா? கூண்டுகளின் குப்பாவுக்கு எத்தனை வரி? நீ படம் வரைவாயே, ஒரு தாளில் வரைந்து அனுப்பேன். போட்டோ வேண்டாம். போட்டோவில் ரியாஸ் மச்சான் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

கோமதிநாதனிடம் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். “அண்ணாச்சி, அதெல்லாம் ராசா கட்டினது. நாம லிண்டலு மட்டத்துக்கு வந்துட்டோம், எலிவேஷன சீக்கிரம் முடிவு பண்ணுங்க” என்றார். பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

முதுகு, முகம் என்று நீ எழுதிய பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ரிபாயி

*

லிஸ்பன்
21.4.2024

காக்காவுக்கு,

ஸலாம். பெருநாளுக்கு இங்கே லீவு கிடையாது. நான் வேலை பார்க்கிற துணி ஆல்டரேஷன் கடை முதலாளியம்மாவிடம் கேட்டு லீவு வாங்கினேன். ரியாஸுக்கு ஓட்டலில் சாயந்திரம்தான் வேலை. தொழுகை முடித்து, பிரியாணி ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்கே போகலாம் என்றார். நான் கோட்டைக்கு என்றேன். “மறுபடியுமா? ஒங்க காக்காவுக்காகவா?” என்று கேட்டார். இல்லை, எனக்காக என்றேன். பாதி உண்மை.

இந்தத் தடவை முதலில் படகில் போனோம். நீ பார்க்க வேண்டும் காக்கா. தூரத்தில் தந்தத்தில் செய்த பொம்மை மாதிரி சின்னதாகத் தெரிகிறது. நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகிறது. முதலில் குப்பாக்கள், அப்புறம் சுவரின் உச்சியில் வரிசையாகச் சிலுவை போட்ட கேடயங்கள், அப்புறம் மாடத்தின் வளைவுகள், கடைசியில் கயிறு. படகிலிருந்த எல்லோரும் ஒரே பக்கமாக வந்து நின்றுவிட்டார்கள். ரியாஸ்கூட செல்பி எடுக்கவில்லை.

உள்ளே ஏறுவது பெரிய வேடிக்கை. சுழன்று சுழன்று போகிற கல் படிக்கட்டு. ஒரு ஆள்தான் போக முடியும். ஏறுகிறவனும் இறங்குகிறவனும் நடுவில் முட்டிக்கொள்ளக் கூடாதென்று சிக்னல் விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை எரிந்தால்தான் ஏறலாம். அறைகளுக்குள் அலங்காரம் ஒன்றும் பெரிதாக இல்லை, வெறும் கல்தான். ஆனால் ஜன்னலில் உட்காருவதற்கு ஏற்ற மாதிரி அவ்வளவு கனமான சுவர். கீழே பீரங்கிக் கூடம். அதற்கும் கீழே ஒரு காலத்தில் கைதிகளைப் போட்டிருந்தார்களாம். தண்ணீர் மட்டத்துக்கு இருக்கிற இருட்டறை. அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எனக்கு இந்த அழகெல்லாம் பிடிக்காமல் போயிற்று. மேலே வந்து காற்று முகத்தில் அடித்த பிறகுதான் சரியானேன்.

கொத்தளத்து மாடியில் கையில் குழந்தையோடு மர்யம் அம்மாவின் சிலை இருக்கிறது. கப்பலில் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று வைத்ததாம். நமக்குச் சிலையைக் கும்பிடுகிற வழக்கம் இல்லை. ஆனாலும் திரும்பி வர வேண்டும் என்கிற நினைப்பை யார் எங்கே வைத்தால் என்ன? கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். அப்புறம் ஒரு கூண்டின் அடியில் காண்டாமிருகத்தின் தலை. நம் இந்தியாவிலிருந்து அந்தக் காலத்து ராஜாவுக்குக் கப்பலில் வந்ததாம். ஐந்நூறு வருஷத்து உப்புக்காற்றில் மூக்கு, கொம்பெல்லாம் கரைந்துபோய் உருண்டையாகக் கிடக்கிறது. ஊரை விட்டு வந்த இன்னொரு பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கேள்விகளுக்கு: மாடத்தைச் சுவரிலிருந்து நீட்டிய கற்கள்தான் தாங்குகின்றன. வளைவுகள் வட்டம்தான், கூம்பு இல்லை. வரைந்து இத்தோடு வைத்திருக்கிறேன். முறுக்கு எந்தப் பக்கம் என்று கழுத்து வலிக்க நின்று பார்த்தேன். பார்த்தும் சொல்ல மாட்டேன். வரைந்ததிலும் வேண்டுமென்றே கயிற்றை வெறும் கோடாக விட்டிருக்கிறேன். பாவு அறுந்தால் அறுந்துபோகட்டும்.

பதில் எழுதுவதால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. ஆகஸ்டில் நாங்கள் ஊருக்கு வருகிறோம். மாமியார் வீட்டுக்கு, கடையநல்லூருக்கு. சென்னையிலிருந்து பொதிகையில் பத்தாம் தேதி ராத்திரிக்கு டிக்கெட் போட்டாயிற்று. ரயில் சங்கரன்கோவில் வழியாகத்தான் போகும், நம் வீட்டுப் பின்புறத்தை உரசிக்கொண்டுதான் போகும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணை மூடிக்கொள்வேன்.

பாஜிலா

*

சங்கரன்கோவில்
24.6.2024

பாஜி,

ஸலாம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. ஊரே சிரித்து முடித்துவிட்டது, நீ வேறு வேண்டாம்.

உன் படத்தைக் கோமதிநாதனிடம் கொடுத்தேன். அன்று அவரோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தெருப்பக்கம் கொஞ்சம் சின்னதாப் பண்ணிருவோம்.”

“தெருப்பக்கம் வேண்டாம் வே. பின்னால வைங்க.”

“பின்னால தண்டவாளம்லா இருக்கு?”

“அதான். தண்டவாளத்தப் பாத்து வைங்க. தெருப்பக்கம் வெறும் சுவரு, ஒரு கதவு, ரெண்டு ஜன்னல். போதும்.”

“எலிவேஷன ரோட்டுக்குத்தான் வைப்பாக. ரயிலுக்கு யாரு வே வைப்பா? நாளைக்கு எவனாவது, இந்த வீட்ட எந்தக் கோட்டிக்காரன் கட்டினான்னு கேட்டா, எம்பேரயில்லா சொல்லுவான்?”

“எம்பேரச் சொல்லச் சொல்லும்.”

அவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “ஒங்க தங்கச்சி வரைஞ்ச மாடம் மனசுல நின்னுக்கிட்டே இருக்கு. சரி, பின்னாலயே வைப்போம்” என்றார். அந்த மனுஷனுக்கும் ரசனை இருக்கிறது.

இப்போது கேள். மேலே உள்ள அறைக்கு வெளியே, லைனைப் பார்த்து, ஒரு நீள மாடம். சுவரிலிருந்து நீட்டித் தாங்கு வைத்திருக்கிறோம், கீழே தூண் இல்லை. வளைவுகள் வட்டம்தான். இரண்டு மூலையிலும் சின்னக் கூண்டு, மேலே வரி போட்ட குப்பா. கல்லுக்கு எங்கே போவது, எல்லாம் சிமெண்டுதான். வெள்ளைச் சிமெண்ட் பூசியிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் வீட்டைப் பார்த்து, “ரிபாயி கையில காசு தீந்துட்டு போல, முன்பக்கத்த அப்படியே விட்டுட்டான்” என்கிறார்கள். நஸ்ரின் முதலில் என்னோடு பேசவில்லை. ஒருநாள் காலையில் பொதிகை போகும்போது, ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டி நம் வீட்டைப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து காலையில் டீயை எடுத்துக்கொண்டு மாடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

மேலே உள்ள அறை உனக்கு. மாடத்துக் கதவு அந்த அறையிலிருந்துதான் திறக்கும். சாவி உன்னிடம்தான் இருக்கும். நாலு நாள் இருந்தாலும் சரி, நாற்பது வருஷம் இருந்தாலும் சரி.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். நீ அல்லாஹ் பேரில் சொல்லிவிட்டாய். அதை மீறச் சொல்லி நான் கேட்கக் கூடாது. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய் நின்றேன். நீ என்ன சொன்னாய் என்று விவரமாகக் கேட்டார். “தெருவாசலை மிதிக்க மாட்டேன்” என்று சொன்னாள் என்றேன். “பிள்ளை மனசுல வீட்டுக்கே வர மாட்டேன்னு நெனச்சுச்சா, வாசல மட்டுமா?” என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். “வாசல மட்டும்னா வேற வாசல் வழியா வரட்டும். வீட்டுக்கே வர மாட்டேன்னு நெனச்சிருந்தா, அது நல்ல நினைப்பு இல்ல. வந்துட்டு, சத்தியத்த முறிச்சதுக்குப் பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு போடச் சொல்லு” என்றார்.

அதனால் மாடத்துக்குக் கீழே ஒரு வாசல் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து லைன் ஓரமாக வருகிற நடைபாதை நேராக அங்கே வந்து நிற்கும். தெருப்பக்கம் நீ வரவே வேண்டாம். தேக்குக் கதவு, இரட்டைக் கதவு. முன்வாசலுக்கு வேப்பங்கதவுதான் போட்டிருக்கிறேன். சோறு போடுவதாக இருந்தால் அரிசி வீட்டில் இருக்கிறது.

முறுக்கைச் சொல்லாமல் விட்டாய் அல்லவா? மாடத்தைச் சுற்றிக் கயிறு வைக்காமல் விட எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் இடது பக்கம் பாதிக்கு இடமுறுக்கும், வலது பக்கம் பாதிக்கு வலமுறுக்கும் வைத்து, நடுவில் முடிச்சுப் போடச் சொல்லிவிட்டேன். கயிறு தெரியாதவன் செய்கிற வேலை இது என்று நானே முன்பு எழுதினேன். இப்போது என் வீட்டிலேயே செய்து வைத்திருக்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ராஜபாளையம் தாண்டியதும் இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்.

காக்கா

*

கடையநல்லூர்
12.8.2024

காக்கா,

நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. போனில் பேசினால் சத்தம் போட்டு அழுதுவிடுவேன், மாமியார் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார். தபாலிலேயே முடித்துக்கொள்கிறேன்.

உன் ஜூன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். ரியாஸிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஒங்க காக்கா மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல” என்றார். எதுவாக இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

நேற்றுக் காலை ராஜபாளையம் தாண்டியதும் இடது பக்கம் வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. கரிசல் காடும் பனையுமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஊர் நெருங்கியதும் வண்டி வேகத்தைக் குறைத்தது. முதலில் இரண்டு குப்பா தெரிந்தன காக்கா. அப்புறம் கேடயம் இல்லாத கைப்பிடிச் சுவர். அப்புறம் வளைவுகள். தேஜுவில் படகில் போனபோது எப்படி ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்ததோ, அதே மாதிரி வந்தது. எதிர் சீட்டில் இருந்த அம்மா என்னிடம், “யாரு வீடும்மா அது, இம்புட்டு அழகா?” என்று கேட்டார். “எங்க வீடு” என்றேன். கல்யாணமாகிப் போன பிறகு இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

மாடத்தில் மதினி கையில் டீயோடு நின்றதைப் பார்த்தேன். நீ கீழே தேக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தோளில் துண்டோடு, ஒவ்வொரு பெட்டியாகக் கண்ணால் தேடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். கையைக் காட்டினேன். நீ முந்தின பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாய். யாரோ ஒரு பிள்ளை உனக்குத் திருப்பி ஆட்டியது.

ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்று எழுந்தே விட்டேன். பெட்டிகளும் மாமியார் வீட்டுச் சாமான்களும், கடையநல்லூரில் காத்திருக்கிறவர்களும் நினைவுக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஹஜ்ரத்திடம் சொல்லிவிடு: அன்று வீட்டுக்கே வரக்கூடாது என்றுதான் நினைத்துச் சொன்னேன். வாசல் என்றது கோபத்தில் வந்த பேச்சு. அதனால் பத்துப் பேருக்குச் சோறு உண்டு. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன், அரிசியை ஊறப்போடச் சொல். லைன் ஓரமாக நானே நடந்து வருவேன், எதிரே வந்து நிற்காதே. வாசலில் நில், போதும்.

கயிற்றை ஓடுகிற ரயிலிலிருந்தே பார்த்துவிட்டேன். இரண்டில் ஒரு பக்கம் தப்பு, அதை உடைத்துத் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். எந்தப் பக்கம் சரி என்பதை மட்டும் மாடத்துக்கு வந்து, உன் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

உன் பாஜி